கையம்மா காட்டிய திசை

மதியச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிவிட்டு வந்த ஜெனிட்டா, கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரையை நிமிர்ந்து பார்த்தாள்.

திரையில் கையம்மா புயல் எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆழ்கடலில் நிற்கும் படகுகளை மேற்கே போகச் சொல்ல வேண்டும். அவள் கை கிழக்கே போகச் சொல்லிக்கொண்டிருந்தது. கிழக்கேதான் புயல் உட்கார்ந்திருந்தது.

கையம்மா நிஜ ஆள் இல்லை. கணினிக்குள் கை அசைக்கிற பொம்மை. விசைப்படகு ஒவ்வொன்றிலும் சுக்கான் பக்கத்தில் டேப் என்கிற சின்னத் தொடுதிரை ஒன்றை மாட்டியிருப்பார்கள். எச்சரிக்கை வந்தால் காது கேட்கிறவர்கள் படகில் அது பேசும். காது கேளாதவர்கள் படகில் பொம்மை தோன்றி, கைப்பேச்சில் சொல்லும். மரியான்துறையில் பிறவியிலேயே காது கேளாதவர்கள் ஏகப்பட்ட பேர். ஒன்பது படகுகளை அவர்களே சேர்ந்து ஓட்டினார்கள். பொம்மைக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஏதோ ஒரு நீளமான பெயர். கையம்மா என்பது அவர்கள் வைத்தது. இரண்டு கையையும் விரித்துக் காட்டி, நெற்றியில் பொட்டு வைக்கிற மாதிரி தொட்டால் கையம்மா.

அந்தக் கையம்மாவை ஆட்டுவிக்கும் ஸ்கிரிப்டை எழுதுகிறவள் ஜெனிட்டா. அவளும் மரியான்துறைக்காரிதான். தம்பி கிளாட்வினுக்குக் காது கேட்காது என்பதால் தாய்மொழி மாதிரியே கைப்பேச்சும் அவளுக்கு வந்துவிட்டது. அந்த ஒன்பது படகில் ஒன்றில் கிளாட்வின் இருந்தான்.

"சார், இது தப்பு. கை தப்பாப் போகுது" என்றாள்.

அறைப் பொறுப்பாளர் தயாளன் போனைக் காதிலிருந்து எடுத்தார். சென்னைக்காரர். எதற்கும் சட்டென்று பதறாத ஆள்.

"எந்தக் கை?"

"கையம்மாவுக்க கை. மேற்குன்னா அவளுக்க இடப்பக்கம் தள்ளணும். வலப்பக்கம் தள்ளுறா பாருங்க. அது கிழக்கு."

"நாம எதிர்ல நின்னு பாக்கிறதால அப்படித் தெரியுதோ என்னவோ?"

"இல்ல சார். சொல்லுறவங்களுக்க இடம் வலந்தான் கணக்கு. எனக்குத் தெரியாதா? சின்னப் பிள்ளையில இருந்து பேசுறேன்."

வானிலைக்காரி குமுதவல்லி தன் மேசையை விட்டு எழுந்து வந்தாள். மாயவரத்துப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். புயல் கிளம்பியதிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை, கண் இரண்டும் கோவைப்பழம். "செய்தி போயாச்சேம்மா. முந்நூறு போட்டுக்கும் போயாச்சு. எப்படி மாறும்?"

ஜெனிட்டாவுக்கு அந்த நொடியில்தான் விளங்கியது.

"நான்தான் மாத்தினேன்" என்றாள்.

நடந்தது இதுதான். போன மாதம் எச்சரிக்கைப் பக்கத்தைப் புதுசாக வடிவமைத்தார்கள். இடது ஓரத்தில் நின்ற பொம்மையை வலது ஓரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே கொண்டுபோனால் தேதி, நேரம் காட்டும் எழுத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திரும்பி நிற்க வைக்க ஒவ்வொரு அசைவையும் புதிதாக வரைய வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் செய்வதைத்தான் ஜெனிட்டாவும் செய்தாள். அகலத்தை மைனஸ் ஒன்றால் பெருக்கினாள். படம் கண்ணாடியில் விழுந்த மாதிரித் திரும்பிக்கொண்டது. ஒரே வரி. கார்ட்டூன் நாய்க்கும் பூனைக்கும் ஆயிரம் தடவை செய்திருக்கிறாள்.

"ஒரு வரி எழுதினா எல்லா போட்லயும் எப்படிம்மா மாறும்?" தயாளன் கேட்டார்.

"முறுக்கு அச்சு மாதிரி சார். தாய் அச்சு ஒண்ணுதான். அதுல பிழிஞ்ச பொம்மதான் ஒவ்வொரு போட்லயும் இருக்கு. அச்சுல ஒரு பல்லு மாறுனா எல்லா முறுக்கும் மாறிரும். அந்த வரிய நான் அச்சுலேயே எழுதிட்டேன்."

"டெஸ்ட் பண்ணலையா?"

"பண்ணினோமே! காது கேக்காத பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குக் காட்டினோம். மழை வருது, காத்து வருது, கடலுக்குப் போகாதீங்க. எல்லாம் வெளங்குதுன்னு சொல்லிச்சுங்க. அதெல்லாம் எந்தக் கையால சொன்னாலும் ஒண்ணுதான் சார். இடக்கைக்காரங்க பேசுறதில்லையா? திசை மட்டுந்தான் மாறும். திசையை நாங்க காட்டவே இல்ல."

குமுதவல்லி வரைபடத்தை மேசைமேல் விரித்தாள். "சரி, அழுவுறத அப்புறம் வச்சுக்க. இப்பவே அந்த வரிய அழி. அழிச்சு அனுப்பு."

"அழிக்கலாம் மேடம். போட்டுக்குப் போகாது. கரையில நெட்டுல இருந்தாத்தான் ஸ்கிரிப்ட் இறங்கும். கடலுக்குள்ள சேட்டிலைட்ல துளியூண்டு போகும், வாக்கியத்துக்க எண்ணும் திசையும். அவ்வளவுதான். அத வாங்கி, அங்க இருக்கிற பொம்ம கையாட்டும், இல்லன்னா குரல் பேசும்."

"அங்கேருந்து நமக்கு எதாவது வருமா?"

"ஒண்ணும் வராது. போகிற வழி மட்டுந்தான்."

தயாளன் தலையைச் சொறிந்தார். பிறகு முகம் மலர்ந்தது. "அட, எதுக்குக் கவலை? பொம்மை திருப்பித்தானே காட்டுது? நாம கிழக்கன்னு அனுப்புவோம். அது மேற்கன்னு காட்டிடும்."

"மத்த போட்டுல குரல் கிழக்கன்னு சொல்லுமே சார்."



"ஒம்பது போட்டுக்கு மட்டும் தனியா அனுப்ப முடியாதா?" என்றாள் குமுதவல்லி.

"எந்தப் போட்டுல கை, எந்தப் போட்டுல குரல்னு நமக்குத் தெரியாது மேடம். போட்டுல இருக்கிறவங்கதான் டேப்ல தொட்டு எடுத்துக்குவாங்க. எல்லாரும் கேக்கிறது ஒரே செய்திய."

வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. புயல் வருகிறது என்றால் ரோட்டில் போகிற ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

திரையில் கையம்மா மறுபடியும் தோன்றினாள். செய்தி திரும்பத் திரும்ப ஓடும். கையை அகலமாக வீசி, சிரித்த முகத்தோடு, அவள் கிழக்கே போகச் சொன்னாள்.

ஜெனிட்டா நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த மாதிரி நேரத்தில் யோசனை வராது, பழக்கம்தான் வரும். படத்தைக் கண்ணாடியில் திருப்பினால் எது மாறும், எது மாறாது? இடமும் வலமும் மாறும். மேலும் கீழும் மாறாது.

"மேடம்! வடக்குன்னா கைய மேல தூக்குவோம். தெக்குன்னா கீழ இறக்குவோம். அது ரெண்டும் மாறாது. வடக்குன்னு அனுப்பினா கையும் வடக்குன்னு சொல்லும், குரலும் வடக்குன்னு சொல்லும். வடக்க போனா என்னவாகும்?"

குமுதவல்லி வரைபடத்தில் விரலை வைத்து இழுத்தாள். ஏதோ எழுதிப் பார்த்தாள். "தெக்கு வேண்டாம். தெக்க போனா நேரா புயல் வாய்க்குள்ள போற மாதிரி. வடக்க போனா... புயலோட விளிம்பு கூடவே வரும். நாய் தொரத்தற மாதிரி தொரத்திக்கிட்டே வரும். பெரிய போட்டு தாங்கும். சின்ன போட்டு அடி வாங்கும்."

"ஆள் சேதம்?" தயாளன் கேட்டார்.

"மேற்கே போயிருந்தா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவாது. வடக்கேன்னா ஒண்ணு ரெண்டு போவலாம். போவாமலும் இருக்கலாம். எழுதிக் கொடுக்கச் சொன்னா நான் கொடுக்க மாட்டேன்."

"ஒம்பது போட்டும் கிழக்கே போனா?"

"ஒருத்தனும் திரும்ப மாட்டான்."

தயாளன் எழுந்து சன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார். "அதாவது, நல்ல வழியில போய்க்கிட்டிருக்கிற முந்நூறு போட்டை, ஒம்பது போட்டுக்காக நாம கெட்ட வழியில திருப்பணும். நாளைக்கு எவனாவது செத்தா, அவன் பொண்டாட்டிகிட்ட என்னன்னு சொல்றது? கண்ணாடி திரும்பிடுச்சுன்னா?"

"ஒம்பது போட்டுல அறுபது பேரு கெடக்காங்க சார்."

"நான் கணக்கு கேக்கல ஜெனிட்டா." அவர் அவளை உற்றுப் பார்த்தார். "உங்க தம்பி கடலுக்குப் போறவர்னு சொன்ன ஞாபகம். அதுல இருக்காரா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இருக்கான்" என்றாள்.

"அப்ப இனிமே வழி சொல்றது நாங்க. நீங்க கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கோவிச்சுக்காதீங்க." அவர் குரல் கடுமையாக இல்லை. "ஒண்ணு கேக்கிறேன். உங்களுக்குத் தப்பாத் தெரியுது. நீங்க ஸ்கிரிப்ட் எழுதினவங்க, கண்ணு அங்க போகும். அவங்களுக்கும் அது கிழக்குன்னுதான் தெரியும்னு என்ன நிச்சயம்? ஊர்ல காது கேக்காதவங்க யாரையாவது வீடியோவுல கூப்பிட்டு இதக் காட்டிக் கேட்டா என்ன?"

ஜெனிட்டாவுக்குத் தம்பி பெண்டாட்டி மெர்சிலின் முகம் வந்தது. அவளுக்கும் காது கேட்காது. மடியில் கைக்குழந்தை. போனை எடுத்தால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவாள். ஆனால் கையம்மா தப்பாகக் காட்டுகிறாள் என்று ஒருத்திக்குத் தெரிந்தால், அடுத்த நிமிடம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் கடற்கரையில் நின்று மாரடிப்பார்கள்.

"வேண்டாம் சார். பயந்துருவாங்க. ஊரே கூடிரும். அதுங்க பாவம், பொம்ம என்ன சொல்லுதோ அதத்தான் செய்யும். அத விட்டா அவங்களுக்கு வேற நாதி இல்ல. கிழக்குன்னு காட்டினா கிழக்கதான் போவாங்க. நிச்சயம்."

தயாளன் குமுதவல்லியைப் பார்த்தார். குமுதவல்லி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

"அனுப்புங்க" என்றாள். "வடக்கு. என் பேர்ல போடுங்க."

தயாளன் அனுப்பினார். திரையில் கையம்மா ஒரு கணம் நின்று, வலப்பக்கம் நீண்டிருந்த கையைச் சுருக்கி, தலைக்கு மேலே தூக்கினாள். பக்கத்து அறையில் குரல் பேசுவது கேட்டது: "எல்லாப் படகுகளும் வடக்கு நோக்கிச் செல்லவும்."

ஜெனிட்டா தன் மேசைக்குப் போய் அந்த மைனஸை அழித்தாள். இனி கரைக்கு வருகிற படகுகளில் கையம்மா நேராகத் திரும்பிக்கொள்வாள். அதன் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. அவர்கள் மூவரும் உட்கார்ந்தே இருந்தார்கள். குமுதவல்லி மட்டும் அவ்வப்போது எழுந்து போய்ப் புயலின் படத்தைப் பார்த்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்தாள்.

வடக்கே ஒரு துறைமுகத்தில் படகுகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. பலகை பெயர்ந்த படகுகள், கண்ணாடி உடைந்த படகுகள், வலையை அறுத்து விட்டுவிட்டு வந்த படகுகள். ஒன்பது படகும் வந்து சேர்ந்தன என்று போன் வந்தபோது தயாளன் ஜெனிட்டாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆள் சேதம் ஒன்றே ஒன்று. காது கேட்கிறவர்கள் படகு ஒன்றில், படகின் முன்புறம் அணியத்தில் நின்றிருந்த லாசர் என்ற ஆளை அலை தூக்கிக்கொண்டு போய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை.

தொலைக்காட்சியில் ஜெனிட்டாவின் படத்தைப் போட்டார்கள். சமயோசிதம் என்றார்கள். மைனஸ் வரியைப் பற்றியும் சொன்னார்கள். தயாளன் எதையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்திருந்தார். தவறும் அவளே, திருத்தமும் அவளே என்று ஊர் பேசியது. திருத்தம் பெரிதாக இருந்ததால் தவறு சின்னதாகிவிட்டது.

கடல் அடங்கியதும் படகுகள் ஊர் திரும்பின. மரியான்துறையில் படகு அணையும் பாலத்தில் நிற்க இடமில்லை. கிளாட்வின் கயிற்றை வீசிவிட்டு ஒரே தாவலாகத் தாவி வந்தான். கன்னத்தில் ஒரு கிழிசல், தையல் போட்டிருந்தார்கள். மெர்சிலின் குழந்தையோடு ஓடிப்போய் முதலில் அவன் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். பிறகுதான் அழுதாள்.

கிளாட்வின் அக்காவைப் பார்த்ததும் கையை ஆட்ட ஆரம்பித்தான். அவன் கைப்பேச்சு எப்போதுமே வேகம்; சண்டை போடுகிற மாதிரி இருக்கும்.

"என்னத்துக்கு வடக்க விட்டீங்க? பாதி வழி மேற்க போயாச்சு. தண்ணி தட்டு மாதிரி கெடந்துச்சு. கஞ்சி வச்சுக் குடிச்சிட்டு நிம்மதியாக் கெடந்திருப்போம். அவ திடீர்னு கையத் தூக்கிட்டா!"

ஜெனிட்டா சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள், சிரிப்பை நிறுத்தினாள். "மேற்கயா? நீங்க மேற்கயா போனீங்க?"

"பின்ன? மேற்கதானே போகச் சொன்னா."

"அவ கிழக்குன்னுலே காட்டினா!"

"கிழக்குன்னு காட்டினா. மேற்குன்னு சொன்னா." கிளாட்வின் தோளைக் குலுக்கினான். "அவதான் கண்ணாடிக்குள்ள நிக்கிறாளே. அவ புதுசா இடம் மாறி வந்த அன்னைக்கே தெரியும். முந்தானை வலது தோள்ல கெடக்கு. எந்தப் பொம்பள அப்படிச் சேலை கட்டுவா? ஒம்பது போட்லயும் அன்னைக்கு ஒரே சிரிப்பு. அவ இடம்னா நமக்கு வலம், அவ வலம்னா நமக்கு இடம்னு பேசி வச்சுக்கிட்டோம்."

ஜெனிட்டா மெர்சிலினைப் பார்த்தாள். மெர்சிலின் குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஒரு கையால் சொன்னாள். "ஊருக்கே தெரியுமே மைனி. பிள்ளையளுங்கூட அவள மாதிரி மாத்தி மாத்திக் காட்டி வெளையாடுச்சுங்க."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீ செஞ்ச பொம்ம. ஒனக்குத் தெரியாமலா இருக்கும்? வேணும்னேதான் திருப்பியிருக்கேன்னு நினைச்சோம்" என்றான் கிளாட்வின். மெர்சிலின் மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள். "நீங்க ஒரு வார்த்த கேக்கவும் இல்ல."

ஒரு மாதமாக ஜெனிட்டா அந்தப் பொம்மையின் விரலைப் பார்த்தாள், மணிக்கட்டைப் பார்த்தாள், எழுதிய வரியைப் பார்த்தாள். சேலையைப் பார்க்கவே இல்லை. அதுங்க பாவம் என்று சொன்னது அவள் வாய்தான். நாதி இல்லை என்று சொன்னதும்.

"நீங்கதானா அந்தப் பொம்ம போடுற அக்கா?"

பின்னாலிருந்து ஒரு குரல். சாயம் போன நீலச் சேலையில் ஒரு பெண், கக்கத்தில் ஒரு ரெக்சின் பையை இடுக்கிக்கொண்டு நின்றாள். பக்கத்துத் துறைக்காரி. பாலத்தில் கூட்டம் அவளுக்கு வழிவிட்டு விலகி நின்றதைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது.

"நான் ரோசிலி. லாசருக்க வீட்டுக்காரி. இவருக்க பையக் குடுக்காங்கன்னு சொன்னாவ, வாங்க வந்தேன்." அவள் கண்ணில் தண்ணீர் இல்லை, எல்லாம் வற்றியிருந்தது. "ஒங்களப் பாக்கணும்னு இருந்தேன். எனக்கு ஆத்திரமாத்தான் இருந்துச்சு. நல்ல வழியில போன போட்டத் திருப்பி விட்டாளேன்னு. பொறவு சாமியாரு சொன்னாரு. ஒம்பது போட்டு ஆளுவ உசிரோட வர்றதுக்காண்டிதான் திருப்புனாங்கன்னு. அறுபது வீடு. நான் ராத்திரி முழுக்க அந்த அறுபது வீட்டத்தான் நினைச்சுக்கிட்டுக் கெடந்தேன் அக்கா. அப்பந்தான் மூச்சு விட முடிஞ்சுது. சும்மா போகல எனக்க ஆளு. சும்மா போகல."

அவள் கிளாட்வினின் கன்னத்துத் தையலைப் பார்த்தாள். பிள்ளையைத் தொடுகிற மாதிரி அவன் கையைத் தொட்டாள். "நல்லா இருக்கணும் தம்பி."

கிளாட்வின் அக்காவைப் பார்த்து மோவாயைத் தூக்கினான். என்ன சொல்கிறாள்?

ஜெனிட்டா சொன்னாள்.

கிளாட்வின் முகத்திலிருந்து வேடிக்கை எல்லாம் வடிந்தது. அவன் ரோசிலிக்கு நேராகத் திரும்பினான். இந்தத் தடவை அவன் கைகள் வேகமாகப் போகவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"அக்கா, எங்களுக்காகன்னு நினைக்காதீங்க. நாங்க மேற்கதான் போய்க்கிட்டிருந்தோம். எங்களுக்கு வழி தெரிஞ்சுது. யாரும் எங்களக் கேக்கல. உங்க ஆளு எங்களால போகல."

ரோசிலி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் விளங்கவில்லை. பையை இறுக்கிக்கொண்டு ஜெனிட்டாவிடம் திரும்பினாள்.

"தம்பி என்ன சொல்லுது?"

வேறு மாதிரிச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? 'உங்களுக்காக வேண்டிக்கிறான்' என்றால் முடிந்தது. இவளுக்குக் கைப்பேச்சு தெரியாது, அவனுக்குக் காது கேட்காது. இரண்டுக்கும் நடுவில் ஜெனிட்டா மட்டும்தான் நின்றாள். ரோசிலிக்கு இருக்கும் ஒரே மூச்சையும் பிடுங்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

மெர்சிலின் இமைக்காமல் ஜெனிட்டாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெனிட்டா ரோசிலியின் முகத்தைப் பார்த்து, தம்பி சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள்.